உப்புப் பிடிக்காத கார்பரேட்டர்

எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில், பழைய பெனியன் துணியில் சுற்றியபடி, இருபது வருடம் ஒரு கார்பரேட்டர் கிடந்தது. வருடத்துக்கு ஒருமுறை, டிசம்பர் இருபத்துநாலில், நத்தாருக்கு முதல் நாள், அதை எடுத்து எண்ணெய் தடவி மறுபடி சுற்றி வைப்பேன். வாடிக்கையாளர் ஒருவரின் சாமான் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை. அந்த வாடிக்கையாளரும் அவருடைய மனைவியும் செத்ததற்கு நான் காரணமா என்பதை மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

நான் கார் மெக்கானிக். துறைமுக மதிலுக்குப் பின்னால் என் கராஜ். அந்த வாடிக்கையாளர், நான் ஐயா என்று கூப்பிடுகிறவர், துறைமுகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். உப்புவெளியில், கடலுக்கு இரண்டு வீட்டு வளவு தள்ளி வீடு. இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருந்தார். இரண்டே இருக்கை, மடக்கிற கன்வஸ் கூரை, கடும் பச்சை நிறம். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும். அந்தச் சாதிக் கார்களும் அப்படித்தான். வெயில் கூடினாலும் கோபம், மழை பெய்தாலும் கோபம். அவரும் நானும் பொனெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்போம். "உங்கட காருக்கும் ஒரு பிளேன்ரீ போடட்டோ?" என்று அவர் மனைவி, நான் அம்மா என்று கூப்பிடுகிறவர், குசினியில் தேநீர் ஊற்றியபடி கேட்பார்.

அந்த வருடம் அவர் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில் இருந்தார். காரை அம்மாதான் ஓட்டினார். நத்தாருக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, பெட்ரோல் சொட்டுகிறது என்று கூப்பிட்டனுப்பினார்கள். போய், என்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டுகிற கார்பரேட்டரைக் கழற்றினேன். ஒரு வாஷர் தேய்ந்திருந்தது. கராஜில் போய் மாற்றிக்கொண்டு வந்தால் ஒரு மணித்தியால வேலை. ஆனால் எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும், பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்க வேண்டும், கூட்டாளிகள் ஒரு சாராயப் போத்தலோடு காத்திருந்தார்கள். கார்பரேட்டரைப் பையில் போட்டுக்கொண்டு பொனெட்டைச் சாத்தினேன். ஐயா நித்திரை. அம்மா ஒரு தட்டில் கேக் கொண்டுவந்து, "வேலை முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

"முடிஞ்ச மாதிரித்தான் அம்மா," என்றேன்.

எங்கள் தொழிலில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. இன்னும் முடியவில்லை, இப்போதைக்கு என்னைக் கேட்காதீர்கள் என்று அதற்கு அர்த்தம். ஐயாவாக இருந்தால் உடனே விளங்கி, "எப்ப முடியும்?" என்று கேட்டிருப்பார். அம்மாவுக்கு எங்கள் கள்ளப்புத்தி தெரியாது. வேலை முடிந்தது என்றே எடுத்துக்கொண்டார். நானும் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். திங்கட்கிழமை போய்ப் பொருத்திப் பூட்டலாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடல் வந்தது.

பின்னேரம் நாங்கள் போனபோது கார் பக்கத்து வீட்டு மதிலோடு ஒட்டிக் கிடந்தது. இரண்டு பேரும் உள்ளேதான் இருந்தார்கள். தூக்கியவர்களில் நானும் ஒருவன். அம்மா ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்தார். கார்த் திறப்பு, அதாவது சாவி, திருப்பியபடி இருந்தது. செத்தவீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். முதல் தண்ணீர் முற்றத்துக்கு வந்தவுடன் அவர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்வளவால் ஓடியிருக்கிறார். "காரிட ஸ்டார்ட்டர் இழுபடுற சத்தம் கேட்டது. திரும்பத் திரும்ப இழுத்தவ. ஸ்டார்ட் ஆகேல்லை," என்றார். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது.

அந்தச் சத்தம் என்னோடு வந்துவிட்டது. மெக்கானிக் ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை கிடையாது. ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் ஸ்டார்ட் ஆகாத வண்டியோடுதான் என்னிடம் வருவார். அவர் திறப்பைத் திருப்பும்போது எனக்கு மூச்சு நின்றுவிடும். என்ஜின் பிடித்த பிறகுதான் திரும்பி வரும். தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இது பாவமில்லை, கவலையீனம் மட்டும்தான் என்றார் எங்கள் பங்குச் சுவாமி. எனக்கு அது போதவில்லை. மூதூருக்குப் போய் அங்கே இன்னொருவரிடம் சொன்னேன். பிறகு மட்டக்களப்பில் மூன்றாவது ஆளிடமும் சொன்னேன். மூன்று பேரும் கடலைத்தான் குற்றம் சொன்னார்கள். மன்னிப்புத் தேடி இவ்வளவு தூரம் போய், கிடைத்ததற்காகக் கோபப்பட்ட ஆள் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

போன வருடத்துக்கு முதல் வருடம் அவர்களுடைய மகள் கனடாவிலிருந்து வந்தாள். ஒரே பிள்ளை. ஐம்பதை நெருங்கியிருந்தாள். வளவை விற்கப் போகிறாள். கடல் வந்த அந்த நாட்களிலேயே அவளுடைய மாமா ஒருவர் காரை இழுத்துக் கொட்டிலுக்குள் விட்டிருந்தார். அதிலிருந்து யாரும் தொடவில்லை. கொழும்பில் ஒருவர் பழைய கார்கள் சேர்க்கிறாராம், திருத்திக் கொடுத்தால் வாங்குவாராம்.

"அப்பா உங்களைத் தவிர ஆரையும் தொட விடமாட்டார் அங்கிள். உங்களால ஏலுமோ?"

"ஏலும்," என்றேன். அவள் கேட்டு முடிக்கும் முன்பே சொன்னேன்.

ஒன்றரை வருடம் எடுத்தது. அடித்தகடு முழுவதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. கதவின் உட்பக்கத்தை வெட்டியபோது ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவுக்குக் கடல் மண் கொட்டியது, சின்னச் சின்னச் சிப்பிகளோடு. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் அரைநாள் வைத்துக்கொண்டிருந்தேன். தகடு அடிக்கக் கிண்ணியாவிலிருந்து வந்த கைவேலைக்காரர், பாஸ் என்போம், வெட்டிய துண்டு ஒன்றை நக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கரிக்குது அண்ணன்," என்றார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

வேறு கார்பரேட்டர் தேடி வாங்கியிருக்கலாம். கொழும்பில் கிடைக்கும். எத்தனையோ தரம் யோசித்தேன். கடைசியில் அலுமாரியிலிருந்ததைத்தான் எடுத்துவந்து, அந்த ஒரு வாஷரை மாற்றிப் பூட்டினேன். முதல் இழுப்பிலேயே என்ஜின் பிடித்தது. நான் சந்தோஷப்பட வேண்டிய நேரம். நிலத்தில் குந்திக்கொண்டு அழுதேன்.

காரைக் கொழும்புக்கு ஏற்ற லொறி வருவதற்கு முதல் நாள் மகள் வந்தாள். பச்சைப் பெயின்ட்டைத் தடவிப் பார்த்தாள். பொனெட்டைத் திறக்கச் சொன்னாள். என்ஜினைக் கழுவித் துடைத்திருந்தாலும் உப்பு தின்ற குழிகள் எல்லா இடத்திலும் தெரிந்தன. அப்பாவோடு நின்று பழகிய கண் அவளுக்கு. விரலை நேரே கார்பரேட்டரில் வைத்தாள்.

"இது மட்டும் புதுசோ?"

ஓம், புதுசுதான் என்று சொன்னால் அத்தோடு முடிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு இருபது வருடப் பழக்கம் இருந்தது. ஆனால் வாய் வரவில்லை.

"இல்லைப் பிள்ளை. உங்கட அப்பாட காருக்குரியதுதான். கடல் வந்த அண்டைக்கு இது என்ர வீட்டில இருந்தது."

எல்லாவற்றையும் சொன்னேன். வாஷர், போத்தல், கேக், அம்மா கேட்டது, நான் சொன்னது. அவள் என் கதிரையில் உட்கார்ந்திருந்து கேட்டாள். சத்தம் போடுவாள், கல்லெடுத்து எறிவாள் என்று நான் காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அதை விரும்பினேன்.

"அப்ப, எத்தினை தரம் இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகியிராது?"

"ஆகியிராது."

"இது பூட்டியிருந்தா?"

"உடன பிடிச்சிருக்கும். அப்பா அந்தக் காரை அப்பிடித்தான் வைச்சிருந்தவர்."

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகுதான் சொன்னாள். கடல் வந்த அன்று காலை, கனடாவில் அப்போது நத்தார் இரவு, அவள் அம்மா வீட்டுக்கு டெலிபோன் எடுத்திருக்கிறாள். முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

"பக்கத்து வீட்டு ஆக்களைக் கூப்பிட்டு அப்பாவைக் கதிரையோட தூக்கிக்கொண்டு பின்வளவால போறம் எண்டு அம்மா சொன்னவ. நான்தான் வேண்டாம், காரை எடுங்கோ எண்டனான். கத்தினனான் அங்கிள். நான் சொன்னபடியாத்தான் ரெண்டு பேரும் அதுக்க ஏறினவை. இதை நான் என்ர மனுசனுக்குக்கூடச் சொல்லேல்லை."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கார்பரேட்டரைத் திரும்பவும் பார்த்தாள்.

"அப்ப நான் சொன்னது பிழையில்லை," என்றாள். "கார் சரியா இருந்திருந்தா தப்பியிருப்பினம். என்னில பிழையில்லை." எழுந்து வந்து, கிரீஸ் பிடித்திருந்த என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டே, "நன்றி அங்கிள். நீங்கள் இதைச் சொன்னதுக்கு நன்றி," என்றாள்.

மறுநாள் கார் லொறியில் ஏறிப் போனது. அவளும் போனாள். ஒரு மாதம் கழித்துக் கனடாவிலிருந்து டெலிபோனில் கதைத்தாள். இருபது வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் ஒழுங்காக நித்திரை கொள்கிறாளாம்.

"சந்தோசம் பிள்ளை," என்றேன். அது உண்மை. மூன்று சுவாமிமார் தர மறுத்த குற்றத் தீர்ப்பை அவள்தான் தந்தாள், அதுவும் என் கையைப் பிடித்து நன்றி சொல்லி. அவள் சுமந்த பங்கும் இப்போது என்னிடம் இருக்கிறது. அதை அவளுக்கு ஒருநாளும் சொல்லமாட்டேன்.