நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ஊசிகள்

தையல் ஆலையில் அவளுக்கு ஊசியக்கா என்றுதான் பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். முந்நூறு இயந்திரங்கள் ஓடும் கூடத்தின் மூலையில், கம்பிவலைக் கதவு போட்ட சின்ன அறை அவளுடையது. எந்த இயந்திரத்தில் ஊசி உடைந்தாலும் அவளிடம்தான் வந்து நிற்க வேண்டும். வெறுங்கையோடு வந்தால் புது ஊசி கிடையாது. உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். அவற்றை வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்ப்பாள். கடுகளவு குறைந்தாலும் போச்சு.

"முனை எங்கே? அது ஏதோ ஒரு குழந்தையோட சட்டைக்குள்ளே உக்காந்திருக்கு. போய்த் தேடு."

மேலாளரே வந்து கெஞ்சினாலும் கதவு திறக்காது. பதினாறு வருடத்தில் அவள் கையைத் தாண்டி ஒரு துண்டு ஊசி வெளியே போனதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. இருக்க வேண்டியதற்குக் கொஞ்சம் மேலாகவே உண்டு.

வீட்டில் அவளும் தங்கையும் மட்டும்தான். தங்கைக்கு எட்டு வயதில் தாய் போய்ச் சேர்ந்தாள். தகப்பன் அதற்கும் முன்னாலேயே. அன்றிலிருந்து தலை வாரியது, காய்ச்சலுக்குக் கண் விழித்தது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் அக்காதான். 'சின்னவளே' என்று கூப்பிட்டுப் பழகிவிட்டாள். சின்னவளுக்கு இப்போது இருபத்து மூன்று. பதினைந்து வயதில் வந்த பரு, போகும்போது இரண்டு கன்னத்திலும் குழி பறித்துவிட்டுப் போயிருந்தது. வேலை கிடைத்ததோ மூக்குக்கண்ணாடிக் கடையில். எந்தப் பக்கம் திரும்பினாலும் நிலைக்கண்ணாடி. பாவம் அந்தப் பெண், தலையைக் குனிந்துகொண்டே வியாபாரம் பார்த்தாள். எதிரே ஆள் வந்து உட்கார்ந்தால் முடியை இழுத்துக் கன்னத்தில் விட்டுக்கொள்வாள்.

ஒருநாள் அவள் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தாள். உள்ளே கைப்பிடி வைத்த குட்டி ரோலர். உருளை முழுக்கப் பொடி ஊசிகள்.

"அக்கா, இதை முகத்துல உருட்டணுமாம். லேசா குத்தக் குத்த தோல் தானா புதுசா வளருமாம்."

"ஊசியா? கொண்டா இங்கே."

ஊசி என்று காதில் விழுந்த பிறகு அவள் சும்மா இருப்பாளா? கூட வந்த தாளை நான்கு தடவை படித்தாள். மருந்துக்கடைக்குப் போய், கவுன்டரில் கூட்டம் நிற்க நிற்க, கால் மணி நேரம் கேள்வி கேட்டாள். வீட்டில் வைத்துக்கொள்ளும் ரோலருக்கு ஊசி அரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று தெரிந்ததும் ஆலையின் அளவுகோலைக் கொண்டுவந்து அளந்து பார்த்தாள். சரியாக அரை. அப்புறம்தான் சம்மதித்தாள். அதுவும் ஒரு நிபந்தனையோடு.

"நீ தொடக் கூடாது. நான்தான் உருட்டுவேன்."

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிறு சாயங்காலம். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். ரோலர் பத்து நிமிடம் ஸ்பிரிட்டில் கிடக்கும். கன்னத்தில் ஒரு புதுப் பரு எட்டிப் பார்த்தாலும் அந்த வாரம் கிடையாது. முதலில் மேலும் கீழும், பிறகு பக்கவாட்டில், பிறகு குறுக்கே. திசை மாற்றும்போது ரோலரைத் தூக்கி வைக்க வேண்டும், முகத்தில் வைத்தபடியே திருப்பக் கூடாது. அழுத்தவே கூடாது. முடிந்ததும் வாசனை இல்லாத களிம்பு மட்டும். மறுநாள் வெயில் படாமல் இருக்கக் கிரீம் பூசாமல் சின்னவள் வாசல்படி தாண்ட முடியாது. எதிர்வீட்டுப் பெண் மூக்கில் வியர்த்ததுபோல், "ஒரே ஒரு தடவை குடுங்கக்கா, கழுவித் தந்துடறேன்" என்று வந்து நின்றாள்.

"உன் பல் பிரஷ்ஷை எனக்குக் குடு. நானும் கழுவியே தர்றேன்."

அந்தப் பெண் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் என்ன, ரத்தம் பட்ட ஊசி கை மாறினால் நோயும் கூடவே மாறும். அக்கா செய்ததுதான் நியாயம்.

இந்த மட்டோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் நிறுத்தவில்லை. உருட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை, உருட்டிய பின் ஒரு தடவை, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ரோலரின் ஊசிகளை எண்ணினாள். கண்ணால் எண்ணினால் வரிசை தப்பிவிடும் என்று, ஒரு தையல் ஊசியின் முனையால் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. எண்ணிக்கை சரியாக வந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

"ஒரு ஊசி உன் கன்னத்துக்குள்ளே தங்கிடுச்சுன்னா நான் எங்கே போய்த் தேடுவேன்டீ?"

நான்காம் முறைக்குப் பிறகு குழிகளின் ஓரம் மழுங்கியது. ஐந்தாவதுக்குப் பிறகு ஒருநாள் சின்னவள் முடியைப் பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். சாயங்காலமும் அதே கட்டோடு திரும்பி வந்தாள். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

ஏழாம் முறை உருட்டும்போது சின்னவள் முகத்தைச் சுளித்தாள்.

"அக்கா, பிடிச்சு இழுக்குது."

"ஊசின்னா இழுக்காம வெண்ணெய் மாதிரியா போகும்? ஆடாம இரு."

முன்பெல்லாம் சிவப்பு மறுநாளே அடங்கிவிடும். இந்தத் தடவை மெல்லிய கோடுகளாக நாலு நாள் நின்றது. எட்டாம் முறை ஒரு வாரம் தாண்டியும் நின்றது. சின்னவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"புதுசு ஒண்ணு வாங்கிடலாமாக்கா? கொஞ்ச நாள் ஆனா மாத்தணும்னு தாள்ல போட்டிருக்கே."

"ஒரு ஊசி உடைஞ்சிருக்கா? எண்ணிக் காட்டட்டுமா? உடையாத ஊசிக்கு மாத்து கிடையாது."

அது ஆலைக் குரல். அந்தக் குரல் வீட்டுக்குள் வந்தால் சின்னவள் வாயை மூடிக்கொள்வாள். அன்றும் மூடிக்கொண்டாள்.

ஒன்பதாம் முறைக்குள் கோடுகள் மறையவில்லை, மங்கியிருந்தன. மங்கியதை மறைந்த கணக்கில் சேர்த்துவிட்டாள் அக்கா. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவளுக்கு அன்று அது மட்டும் தெரியவில்லை. ரோலர் வலக்கன்னத்தில் ஏறியதும் சின்னவளின் விரல்கள் நாற்காலியை இறுக்கின. ரத்தம் பொட்டுப் பொட்டாக, தையல் போட்டதுபோல் வரிசையாக வந்தது.

"நிறுத்துக்கா. எரியுது. நிறுத்து."

"முடிஞ்சுது, முடிஞ்சுது. இன்னும் ஒரே வரிசை."

அந்த ஒரு வரிசையையும் முடித்தாள். பிறகு விளக்கடியில் உட்கார்ந்து எண்ணினாள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

"பாத்தியா, ஒண்ணும் குறையலை" என்றாள்.

செவ்வாய்க்கிழமை கன்னம் வீங்கிச் சுட்டது. புதன்கிழமை கோடு நெடுகச் சீழ் கட்டி, உடம்பு அனலாய்க் கொதித்தது. ஊசியக்கா பதினாறு வருடத்தில் முதல் தடவையாகச் சொல்லாமல் விடுப்பு எடுத்தாள்.

தோல் டாக்டர் அக்கா வயதொத்த பெண். கன்னத்தைப் பார்த்தவர் அதிகம் பேசவில்லை. "அந்த ரோலரைக் கொண்டுவந்தீங்களா?" என்று கேட்டு வாங்கி, ஒரு லென்ஸின் கீழ் வைத்தார். மேசைமேல் இருந்த திரையில் அது பெரிதாகத் தெரிந்தது. அக்கா வீட்டுப் பூதக்கண்ணாடியில் பார்த்த ஊசிகள்தாம். ஆனால் இந்தத் திரையில் முனைகள் தெரிந்தன. ஒன்றுகூட நேராக இல்லை. எல்லாம் தூண்டில் முள்போல் மடங்கியிருந்தன.

"இது குத்தவே இல்லைங்க. கிழிச்சிருக்கு" என்றார் டாக்டர். "கீழே விழுந்தா ரெண்டு மூணு வளையும். இது எல்லாமே ஒரே பக்கமா சாஞ்சிருக்கு. யாரோ உக்காந்து ஒண்ணொண்ணா நெருடி வளைச்ச மாதிரி இருக்கே. எதையாவது வச்சு இதைத் தொட்டீங்களா?"

ஊசியக்காவுக்கு அந்தத் தையல் ஊசி ஞாபகம் வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு தடவையாக ஒன்பது நாள், அந்த முனைகளை அவள்தான் இரும்பால் தொட்டிருக்கிறாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததென்று சொல்வார்களே, அந்தக் குரங்கு இப்போது தங்கையின் கன்னத்தில் உட்கார்ந்திருந்தது.

"யார் தொட்டது?" டாக்டர் மறுபடி கேட்டார்.

சின்னவள் அக்காவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "நான்தான் டாக்டர்" என்றாள். "உருட்டினதும் நான்தான். சும்மா இருக்கும்போது ஒரு ஊசியை வச்சு நெருடிக்கிட்டே இருப்பேன்."

டாக்டர் பிடித்துக்கொண்டார். படிச்ச பொண்ணுதானே, முகம்னா விளையாட்டா, கையிலே கிடைச்சதெல்லாம் பொம்மையா என்று ஐந்து நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கினார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது இதுதான். அக்கா வாயைத் திறக்கப் பார்த்தாள். ஊசி விஷயத்தில் தானே தப்பு செய்ததாக இன்னொருத்தர் முன்னால் சொல்ல வேண்டும். அந்தப் பாழும் பெருமை விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சீழ் ஆறிடும். ரெண்டு வாரம் மாத்திரை போடணும்" என்று முடித்தார் டாக்டர். "குழி இன்னும் கொஞ்சம் மறையலாம். ஆனா இந்தக் கோடெல்லாம் இருக்கும்மா. உனக்கு ஆசை காட்ட நான் விரும்பலை."

வெளியே மாடிப்படியில் ஆள் நடமாட்டம் இல்லை. கன்னத்தில் ஒட்டிய வெள்ளைத் துணியோடு சின்னவள் இரண்டு படி முன்னால் இறங்கினாள். மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டு பின்னால் வந்த அக்காவுக்கு அழுகை பொங்கியது.

"என்னைக் காப்பாத்த ஏன்டீ அப்படிச் சொன்னே? எல்லாம் என்னாலதானே ஆச்சு."

சின்னவள் நின்றாள். திரும்பவில்லை.

"காப்பாத்தறதுக்கு இல்லைக்கா. நீ எண்ணினது எனக்குத்தான் எண்ணினே, அது எனக்குத் தெரியும். அதுக்கு நான் கோபப்பட மாட்டேன். 'இல்லை, நான்தான்'னு நீ அங்கேயே சொல்லுவியான்னு பாத்தேன். கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

ஊசியக்கா ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் சின்னவள் மிச்சப் படிகளையும் இறங்கி, தெருவில் கூட்டத்தோடு நடக்கத் தொடங்கியிருந்தாள்.