பாண்டிச்செல்வி நடை வேகம்

செங்கரட்டுப்பட்டி ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால், நடுவில் ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருக்கும்: "மேற்படி வண்டிகள் ஊருக்குள் பாண்டிச்செல்வி நடக்கும் வேகத்தில் மட்டுமே செல்ல வேண்டும்." சிரிக்காதீர்கள். ஊராட்சிச் செயலர் விருமாண்டி முழுத் தெளிவோடுதான் அதை எழுதினார். கீழே நூற்றுச் சொச்சம் பேர் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள்.

மேலூரிலிருந்து திருவாதவூர் போகிற வழியில் இறங்கி உள்ளே நடந்தால் வரும் ஊர் அது. ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு கரடு. கல்லும் முள்ளுமாக, ஆடு மேய்ப்பதைத் தவிர எதற்கும் ஆகாத பொட்டல். மதுரைக்காரரான கிரீஷ் அதைக் குத்தகைக்கு எடுத்து, மேடு பள்ளத்தில் ஓட்டி விளையாடுகிற நாலு சக்கர வண்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். தடித்த டயர், மோட்டார் சைக்கிள் மாதிரிக் கைப்பிடி, ஓட்டினால் எழும்பி எழும்பிக் குதிக்கும். பார்த்த அன்றைக்கே ஊர் அதற்குத் தவக்களை வண்டி என்று பெயர் வைத்துவிட்டது. சனி ஞாயிறானால் மதுரையிலிருந்து ஹெல்மெட்டும் கையுறையுமாக ஆட்கள் வந்தார்கள். ஊர்ப் பெண்கள் ஒன்பது பேருக்கு வேலை கிடைத்தது. வண்டி கழுவ, சமைக்க, டிக்கெட் கிழிக்க. நூறு நாள் வேலை எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாத ஊரில் அது லேசான காரியமா?

சிக்கல் எங்கே என்றால், வண்டிகள் நிற்கும் கொட்டகை ஊருக்கு இந்தப் பக்கம், மெயின் ரோட்டோரம். ஓட்டுகிற கரடு அந்தப் பக்கம். நடுவில் ஊர்த் தெரு அறுநூறு மீட்டர். நம்பர் பிளேட் இல்லாத அந்த வண்டிகள் பொதுச் சாலையில் ஓடக் கூடாது, ஒவ்வொன்றாக டிராக்டரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. இந்த ஒரு தெருவுக்கு மட்டும் தனி அனுமதி வேண்டுமென்று கிரீஷ் மனுப் போட்டார். ஊர் என்ன சொல்கிறது என்று கேட்டு எழுதுங்கள், பிறகு பார்க்கலாம் என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது.

பதில் வந்த வாரமே, அனுமதியே வந்துவிட்ட மாதிரி ஒருவன் தெருவுக்குள் வண்டியை முறுக்கிக்கொண்டு வந்தான். கிணற்றடி வளைவில் பால்வாடி ஆயா ரெங்கம்மாள் சுவரோடு சுவராக ஒட்டித் தப்பித்தார். அந்த வளைவில் எதிரே தேரே வந்தாலும் தெரியாது. வளைவை ஒட்டித்தான் பால்வாடி.

அடுத்த கிராம சபை சந்தைக்கடையாகிவிட்டது. இழுத்து மூடு என்று பாதிப் பேர். ஒன்பது வீட்டுப் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடாதே என்று மீதிப் பேர். பத்து கிலோமீட்டர் வேகம் என்று போர்டு வைக்கலாம் என்றார் ஒருவர். அதை எவன் உட்கார்ந்து பார்ப்பது என்று கேட்டார் இன்னொருவர். பின்வரிசையிலிருந்து பாண்டிச்செல்வி எழுந்தாள். நாற்பத்தேழு வயது, ஒல்லியான உடம்பு, நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர்.

"நான் கொடியப் பிடிச்சுக்கிட்டு முன்னால நடக்குறேன். வண்டிக எம் பின்னால வரட்டும். நான் நின்னா நிக்கணும். அம்புட்டுத்தான்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. அவள் நடையை அறியாதவர் அந்த ஊரில் இல்லை. வாய்க்கால் நீளத்தை எட்டு வைத்தே சொல்லிவிடுவாள், பிறகு டேப்பைப் பிடித்தால் அரை அடி தப்பாது. மழை வந்தாலும் ஓட மாட்டாள், வெயில் அடித்தாலும் தளர மாட்டாள். "இவளோட கெளம்பி ஒரு கல்யாணத்துலயும் மொதப் பந்தியப் பார்த்ததில்ல" என்று புருஷன் அழகுமலை இருபத்தைந்து வருஷமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறார். பாவம், உண்மைதான்.

அந்த நடை சும்மா வந்ததில்லை. கல்யாணமான புதிதில் அவள் மேலூர்ப் பக்கம் ஒரு கல்குவாரியில் கொடிக்காரியாக இருந்தாள். பாறைக்கு வேட்டு வைப்பதற்கு முன்னால், சிவப்புக் கொடியோடு குழியிலிருந்து ரோட்டு வளைவு வரை நடந்து போய், வருகிற வண்டிகளை நிறுத்திவிட்டு விசில் ஊத வேண்டும். கிட்டத்தட்ட எண்ணூறு எட்டு வைக்க வேண்டிய தூரம். வேட்டுக்காரர் சிவனாண்டிக்குக் குழிக்குள்ளிருந்து ரோடு தெரியாது. செல்போன் இல்லாத காலம். அவள் கிளம்பும்போது ஒரு பீடியைப் பற்ற வைப்பார். பீடி முடிந்தால் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று கணக்கு. காற்றடித்தால் விசில் கேட்காது என்பதால் அதை அவ்வளவாக நம்புவதில்லை.

ஒருநாள் வழியில் காலில் முள் ஏறியது. உட்கார்ந்து பிடுங்கினாள். அவள் ரோட்டைத் தொடுவதற்குள் வேட்டு வெடித்தது. தேங்காய் அளவுக் கல் ஒன்று, வந்துகொண்டிருந்த டவுன் பஸ்ஸின் கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கிய முகங்களை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை. அன்றோடு இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். பீடியும் முடிய வேண்டும், விசிலும் கேட்க வேண்டும். பீடி முடிந்தும் விசில் வரவில்லையென்றால் பாதையில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். திரியில் கை வைக்கக் கூடாது. அதன் பிறகு ஒன்பது வருஷம் அந்தக் குவாரி ரோட்டில் ஒரு சின்னக் கல்கூட யார்மேலும் விழவில்லை. இதற்கெல்லாம் எந்த அரசாங்கம் மெடல் கொடுக்கிறது?

தீர்மானம் மேலே போனது, போன வேகத்தில் திரும்பியும் வந்தது. அரசாணையில் தனியாள் பெயரில் வேகம் எழுத முடியாதாம். கிலோமீட்டரில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கிரீஷ் கேட்டபடி இருபது என்று போட்டுவிடுகிறோம் என்றார்கள். விருமாண்டிக்குப் பொறுக்கவில்லை. அப்படியானால் நீங்களே வந்து அளந்துகொள்ளுங்கள் என்று பதில் எழுதிவிட்டார். விளையாட்டாக எழுதினாரோ வினையாக எழுதினாரோ, ஸ்ரீலக்ஷ்மி என்ற அதிகாரி ஒரு சனிக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. காலை, மதியம், பிற்பகல் என்று மூன்று நடை. மூன்றாவது நடையில் பின்னால் வண்டிகள் வரும். மூன்றும் ஒத்துப்போனால் அதுவே வேகம். இல்லாவிட்டால் இருபது.

முந்தின நாள் சாயங்காலம் கிரீஷ் அவளைத் தேடி வந்தார். கெட்ட மனிதர் இல்லை, பயந்துபோன மனிதர். இவ்வளவு மெதுவாகப் போனால் எவன் வருவான், தொழிலை வேறு பக்கம் கொண்டுபோக வேண்டியதுதான் என்றார். நாளைக்குக் கொஞ்சம் எட்டிப் போட்டு நடந்தால் எல்லாருக்கும் நல்லது என்றார். அவர் போன பிறகு தங்கச்சி தாமரைச்செல்வி வந்தாள். கிரீஷின் சமையல் கொட்டகையில் வேலை பார்ப்பவள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒரே ஒரு நாளுதான்க்கா. எட்டிப் போட்டா ஒனக்கு என்ன கொறஞ்சு போகும்?"

பாண்டிச்செல்விக்குத் தங்கச்சியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த வேலை போனால் அவள் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று அக்காவுக்குத் தெரியாதா?

"இன்னைக்கி எட்டிப் போட்டா அதையே கணக்குன்னு எழுதிருவாங்கத்தா. நாளைக்கி அத நம்பி வண்டி வரும். வளைவுல எவ போய் நிப்பா?"

தாமரைச்செல்வி எழுந்து போய்விட்டாள். இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை ஊரே தெருவில் நின்றது. தெருவின் கடைசியில், கரட்டுப் பக்கம் உள்ள டீக்கடை பெஞ்சில் சிவனாண்டி உட்கார்ந்திருந்தார். கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கிவிட்டது, காது மட்டும் படு கூர்மை. கொட்டகைப் பக்கம் விசில் கேட்டதும் பழக்கதோஷத்தில் ஒரு பீடியைப் பற்ற வைத்தார். ஸ்ரீலக்ஷ்மி அதே கடை வாசலில் கடிகாரத்தோடு நின்றார். காலை நடை, ஏழு நிமிஷம் ஐம்பத்தெட்டு விநாடி. கொளுத்துகிற வெயிலில் மதிய நடை, எட்டு நிமிஷம் ஒரு விநாடி. அதிகாரி கடிகாரத்தை ஒருதரம் தட்டிப் பார்த்துக்கொண்டார். ஊர்க்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது நடை மூன்றரை மணிக்கு. பின்னால் ஆறு வண்டிகள், மதுரையிலிருந்து வந்த ஆறு பேர். பாண்டிச்செல்வி கொடியைத் தூக்கிப் பிடித்துக் கிளம்பினாள். முதுகுக்குப் பின்னால் ஆறு இன்ஜினும் உறுமின. ஒருவர் வேண்டுமென்றே முறுக்கி முறுக்கி விட்டார். சூடான காற்று கெண்டைக்காலில் அடித்தது. வேகமாக நடக்கச் சொல்லி உடம்பு முழுக்கக் கெஞ்சியது. அவள் எட்டை எண்ணிக்கொண்டே நடந்தாள். வழியோரம் தாமரைச்செல்வி நிற்பது தெரிந்தது. அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நானூற்றுச் சொச்சம் எட்டில் கிணற்றடி வளைவு. அங்கே பால்வாடி விட்டுவிட்டது. ரெங்கம்மாள் பன்னிரண்டு பிள்ளைகளை, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி, தெருவைக் கடக்கக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பாண்டிச்செல்வி பார்த்துவிட்டாள். நின்றால் மூன்றாவது கணக்குக் கெட்டுப்போகும். கெட்டால் இருபது. ஆனால் கால் அவளைக் கேட்கவில்லை, நின்றுவிட்டது. கொடியைக் குறுக்கே நீட்டினாள். இன்ஜினை அணைக்கச் சொல்லிக் கை காட்டினாள். ஆறும் அணைந்தன. பிள்ளைகள் ஆடி அசைந்து கடந்தார்கள். கடைசிப் பிள்ளை ஒரு செருப்பை விட்டுவிட்டு, திரும்பி ஓடி வந்து எடுத்துப் போட்டுக்கொண்டு போனது. அது போய்ச் சேர்ந்த பிறகுதான் அவள் அடுத்த எட்டை வைத்தாள்.

டீக்கடைக்கு வந்து விசில் ஊதினாள். ஒன்பது நிமிஷம் பன்னிரண்டு விநாடி. ஸ்ரீலக்ஷ்மியின் முகம் வாடிவிட்டது. ஒத்துப்போகவில்லையே என்றார். அளந்தால் அளந்ததுதான் மேடம் என்று கிரீஷ் முந்திக்கொண்டார். பிள்ளைகள் போனதால் நின்றதாகப் பாண்டிச்செல்வி சொன்னாள். வளைவு இங்கிருந்து தெரியாது. எவ்வளவு நேரம் நின்றாள் என்று எதை வைத்து எழுதுவது என்று அதிகாரி தயங்கினார்.

பெஞ்சிலிருந்து சிவனாண்டி எழுந்தார். விரலிடுக்கில் அணைந்த பீடித்துண்டு.

"மேடம், ரெண்டு தடவ எம் பீடியும் அவ விசிலும் ஒண்ணா முடிஞ்சுச்சு. இப்ப பீடி முடிஞ்சு ரொம்ப நேரங் கழிச்சுத்தான் விசில் வந்துச்சு. பாண்டிச்செல்வி பிந்துனா பாதையில ஆளு இருக்குன்னு அர்த்தம். வேற அர்த்தமே கெடையாது. அத நம்பித்தான் ஒம்பது வருசம் வேட்டு வச்சேன்."

 முதல் வண்டியில் வந்த திவ்யா என்ற பெண் ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டினாள். அதில் கேமரா இருக்கிறது, கிளம்பியதிலிருந்து எல்லாம் பதிவாகியிருக்கும் என்றாள். செல்போனில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம் பதினோரு விநாடி நின்றிருந்தாள். கழித்தால் எட்டு நிமிஷம் ஒரு விநாடி. ஆனால் அந்தக் கணக்கை அப்போது யாரும் போடவில்லை. படத்தில் அந்தக் கடைசிப் பிள்ளை செருப்பை எடுக்கக் குனிகிறது. நிலைதடுமாறாமல் இருக்க, திவ்யாவின் வண்டி டயரில் ஒரு கையை ஊன்றிக்கொள்கிறது. டயரைவிடக் கொஞ்சம்தான் உயரம் அந்தப் பிள்ளை.

கிரீஷ் அதை இரண்டாம் முறை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் திரும்பி, கொடிக்காரர் நின்றால் இன்ஜினையும் அணைக்க வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள் மேடம் என்றார். தாமரைச்செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அக்காவின் கையிலிருந்த கொடியை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. பாண்டிச்செல்வி அப்போதுதான் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

ஆணை வந்துவிட்டது. மணிக்கு நான்கரை கிலோமீட்டர், முன்னால் கொடியோடு ஒருவர் நடக்க வேண்டும், அவர் நின்றால் எல்லாம் நிற்க வேண்டும். அவள் பெயர் அதில் இல்லை. ஆனால் ஊர்த் தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை அடிக்கக் கூடாது, அது விதி. அந்தப் பக்கத்தை யார் கேட்டாலும் விருமாண்டி எடுத்துக் காட்டுகிறார், கேட்காவிட்டாலும் காட்டுகிறார். அவசரக்காரர்கள் சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் வருகிறார்கள். ஒன்பது பேருக்கும் வேலை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகைப் பக்கம் விசில் கேட்டதும் டீக்கடை பெஞ்சில் சிவனாண்டி பீடியைப் பற்ற வைக்கிறார். சில நாள் பீடி முடிந்தும் விசில் வராது. அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் டீயைக் கீழே வைத்துவிட்டு, பாதையில யாரோ பிள்ளை போகுது போல என்று சொல்லிக்கொண்டு காத்திருக்கிறார்கள்.