கொட்டாஞ்சேனையில் கழற்றிய மைக்

"...மகன்ட செத்தவீட்டில என்ட மனிசி அழுததை லவ் பாட்டுக்குப் போட்டிருக்கீங்களே, தம்பி!"

கத்துகிறவர் துறைமுகத் தொழிலாளி அன்ரன் அண்ணன். நான் யாழ்ப்பாணப் பஸ்ஸால் வெள்ளவத்தையில் இறங்கி, நேரே கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டுக்கு வந்து, ஆவணப்படத்தின் மிச்சத்தை எடுக்க இப்போதுதான் அவர் சட்டையில் மைக்கை மாட்டியிருக்கிறேன். அந்தப் படத்துக்கு எடுத்த அழுகையை, பிழைப்புக்கு நான் செய்த பாட்டு வீடியோவில் எடிட்டர் சொருகியிருக்கிறான். அவன்மேல் பற்றிக்கொண்டு வருகிறது. முழுதாய்ப் பார்க்காமலே ஓகே சொன்ன என்மேல் அதைவிட.

"அது எடிட்டர் செய்த வேலை, அண்ணன்."

"வீடியோ கடைசியில ஓடுறது உங்கட பேர்தானே?"

குசினியில் அவர் மனைவி, அக்கா, கோப்பை கழுவும் சத்தம் நின்றுவிடுகிறது.

அண்ணன் மைக்கைக் கழற்றுகிறார். போனமுறை நான் சொல்லிக்கொடுத்தபடியே வயரை முறுக்காமல் சுற்றி, என் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடுகிறார்.