வன்னியராஜின் கடைசிச் சொல்

ஆழ்வார்குறிச்சிப் பேருந்து நிறுத்தத்தில் வன்னியராஜுக்குப் பிளக்ஸ் வைத்திருக்கிறார்கள். அதில் அவன் படம் தபால்தலை அளவு. வைத்தவர்கள் படம் ஆள் உயரம். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனைப் பற்றி நாலு வார்த்தை உருப்படியாகச் சொல்ல ஆள் வேண்டாமா? அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சங்கரசுப்பிரமணியன். ராணுவ அலுவலகங்களில் இருபது வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கியைத் தொட்டதைவிடத் தட்டச்சுப் பொறியைத் தொட்டதுதான் அதிகம். எனக்கு நன்றாக இந்தி வரும் என்பதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அந்தத் தலைக்கனம் எப்படி இறங்கியது என்பதும் இதில் வரும்.

வன்னியராஜ் வயல்வேலைக்குப் போன இசக்கியம்மாவின் மகன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் வாழைத்தோட்டத்தில் தார் சுமந்தான். வெட்டிய தாரைத் தோளில் வைத்து, வரப்பு வழியே சாலையில் நிற்கும் லாரிவரை கொண்டுவர வேண்டும். இறக்கும்போது லேசாக இடித்தாலும் காய் கறுத்துவிடும். மற்றவர்கள் தொப்பென்று போடுவார்கள். இவன் முழங்காலை மடக்கி, "பைய... பைய..." என்று சொல்லிக்கொண்டே இறக்குவான். மெதுவாக என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். தோளில் பாரம் ஏறினால் அவன் வாயில் அந்தச் சொல் தானாக வந்துவிடும். தோட்டத்தில் அதை வைத்தே அவனைக் கேலி செய்வார்கள்.

ராணுவத் தேர்வில் ஒருமுறை ஓட்டத்தில் தோற்று, மறுவருடம் தேறினான். பல மாநிலத்தாரும் கலந்த படைப்பிரிவு. ஆனால் விடுப்பில் வந்தால் வாயில் ஒரு இந்திச் சொல் வராது. நான் ஏதாவது எடுத்துவிட்டால், "அத அங்கன போயி பேசிக்கிடலாம் அண்ணாச்சி" என்று சிரிப்பான்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பர் வெள்ளத்தின்போது அவன் ஊரில் இருந்தான். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பதினோரு பேரை முதுகில் ஏற்றிப் பள்ளிக்கூட மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். அதில் நானும் ஒருவன், தொண்ணூற்றிரண்டு கிலோ. என்னை விட்டுவிட்டு வேறு ஆளைப் பார் என்று திட்டினேன். அவன் காதில் வாங்கவில்லை. மாடிப்படியில் என்னை இறக்கியபோதும் அதே "பைய, பைய"தான். என் காதோரம் கேட்ட சொல் அது. பின்னால் நான் அடித்த கூத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மறுவருடம் எல்லைப்புற மலைச்சரிவு ஒன்றில் சண்டை. குண்டடி பட்ட நான்கு பேர் திறந்த வெளியில் கிடந்தார்கள். வன்னியராஜ் தவழ்ந்து போய் ஒவ்வொருவராகத் தோளில் போட்டுப் பாறை மறைவுக்குக் கொண்டுவந்தான். மூன்று பேர் பிழைத்தார்கள். நாலாவது ஆளைத் தூக்கப் போனவன் திரும்பவில்லை. வயது முப்பத்தொன்று. அவனை நினைத்தால் எனக்குப் பெருமை தாங்கவில்லை; வயிறும் எரிகிறது.

கொடி போர்த்திய பெட்டி வந்தது. அதிகாரிகள் வந்தார்கள். அவன் மனைவி முத்துராணி, நாலு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வந்தவர்கள் அத்தனை பேரிடமும் ஒன்றைத்தான் கேட்டாள். கடைசியில் அவர் ஏதாவது சொன்னாரா? யாருக்கும் தெரியவில்லை. ஒரு வருடமாக அந்தக் கேள்வியோடுதான் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

முதல் நினைவு நாளுக்குப் பல்வந்த் வந்தான். மூன்றாவதாகத் தூக்கிவரப்பட்டவன், இமாசலத்துக்காரன், இடது கால் செயற்கைக் கால். மொழிபெயர்க்க நான். முத்துராணி தன் கேள்வியைக் கேட்டாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். வழிநெடுக "பையா, பையா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாராம். பாறைக்குப் பின்னால் படுக்கவைத்தபோதும் அதையேதான் சொன்னாராம். பிறகு நாலாவது ஆளைத் தூக்கப் போய்விட்டாராம்.

பையா என்றால் இந்தியில் அண்ணன். கூடப்பிறந்தவனாக நினைத்துக் கூப்பிட்டிருக்கிறான் என்று நான் நெஞ்சை நிமிர்த்தி விளக்கினேன்.

முத்துராணியின் முகம் சுருங்கிவிட்டது. "கடைசியில இந்தியிலயா பேசுனாக?" என்று மட்டும் கேட்டாள். அவள் காத்திருந்தது அவளுக்குப் பழக்கமான ஒரு சொல்லுக்காக. காபியைக் குடித்துச் சமாளித்தேன்.

பல்வந்த் கிளம்பினான். வாசலில் இரண்டு சிமெண்டுப் படிகள். முதல் படியிலேயே செயற்கைக் கால் சறுக்கியது. முத்துராணி ஓடிப்போய் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "பைய... பைய..." என்றாள்.

அவன் அப்படியே நின்றுவிட்டான். இதேதான், இப்படியேதான் சொன்னார் என்றான். நான் தமிழில் சொல்வதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. என் மரமண்டைக்கும் அப்போதுதான் உறைத்தது. வன்னியராஜ் யாரையும் கூப்பிடவில்லை. வாழைத்தாரை இறக்குவதுபோல, அடிபட்டவனை நோகாமல் இறக்கியிருக்கிறான். என் இருபது வருட இந்தியைத் தூக்கிக் குப்பையில் போடலாம்போல் இருந்தது.

பல்வந்திடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். முத்துராணி தடுத்தாள்.

"சொல்லாண்டாம் அண்ணாச்சி. கூடப்பொறந்தவன்னு கூப்பிட்டதாவே அந்தத் தம்பி நெனச்சிக்கிடட்டும்."

ஆட்டோவில் ஏறும்வரை அவன் கையை அவள் விடவில்லை. திரும்பி வந்து படியில் உட்கார்ந்து அழுதாள். ஒரு வருடமாக அழுத அழுகை இல்லை அது. நடுவில் சிரிப்பும் வந்தது.

"பிரசவத்துக்குப் போவும்போது, என்னைத் தூக்கி ஆட்டோவுல வச்சாகல்லா," என்றாள். "அன்னைக்கும் இதத்தான் சொன்னாக."