ஏரிக்கு வந்த நீலம்

மூன்று வாரம் முன்பு ஒரு சாயங்காலம் கச்சிராயபாளையத்தில் நல்ல மழை. விட்டதும் ஏரிக்கரைக்குப் போனேன். தவளைச் சத்தமே இல்லை. ஒன்றுகூட! மழை விட்ட ஏரி அப்படி வாயை மூடிக்கொண்டு கிடந்து பார்த்திருக்கிறீர்களா? 

கரையில் செல்வி நின்றிருந்தார். எங்கள் தெருக்கோடி வீடு. முந்தின மழைக்கு அவருடைய இரண்டு ஆடுகள் இந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, நுரை தள்ளிச் செத்துப்போயின. மிச்சம் ஒரே ஒரு சினை ஆடு. அதைக் கட்டியே வைத்திருந்தார்.

"இதுவும் பூட்டா எங்க பொழப்பே காலிண்ணா. எந்த வூட்டுத் தண்ணி ஏரில கலக்குதுனு எனக்குத் தெரிஞ்சாவணும்."

தெருவில் கேட்டால்? எல்லோரும் யோக்கியர்கள். "எங்க வூட்டுத் தண்ணி பின்னால இருக்குற உறிஞ்சுகுழிக்குத்தான் போவுது!" நானும் சொன்னேன்... கொஞ்சம் சத்தமாகவே.

செல்விதான் வழி கண்டுபிடித்தார். மார்கழிக் கோலப்பொடி எல்லா வீட்டிலும் மிச்சம் இருக்குமே? வீட்டுக்கு ஒரு கலர். மழை பிடித்ததும் அவரவர் புழக்கடைத் தண்ணீரில் கொட்ட வேண்டும். மழைநீர்க் கால்வாய் ஏரியில் விழும் இடத்தில் நின்று பார்ப்பது. தெருவே சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டது. எனக்கு நீலம்.

போன வாரம் மழை வந்தது. அவரவர் பொடியைக் கொட்டிவிட்டுக் குடையோடு காத்திருந்தோம். முதலில் கொஞ்சம் மஞ்சள். அப்புறம் ரோஸ். ஒவ்வொரு கலருக்கும் ஒருவர் குடையைத் தாழ்த்திக்கொண்டார்.

அப்புறம்... நீலம். அதுதான் ஜாஸ்தி. அகலமாக, மெதுவாக, நான் நின்ற பக்கமே வந்தது. என் குழி எப்போதோ நிரம்பிக் கால்வாயில் வழிந்திருக்கிறது. ஒருநாளாவது மூடியைத் திறந்து பார்த்தேனா?

செல்வியின் கணவர் ஏழுமலைதான் என் கரும்புக்குப் பூச்சிமருந்து அடிப்பவர். அவர் என் பக்கம் திரும்பினார்.

"மருந்து டேங்க்க உங்க வூட்டுப் பின்னாலதான கழுவுனேன்? 'இங்கியே ஊத்து, குழிக்குப் பூடும்'னு நீங்கதானண்ணா சொன்னீங்க..."

செல்வி திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

"இனிமே ஆட்ட அவுத்து வுடலாமாண்ணா?" என்று மட்டும் கேட்டார். நான் குனிந்து அந்த நீலத்தையே பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் குழிகளைத் தூர்வாரத் தெருவே மண்வெட்டி எடுத்தது. முதலில் திறந்தது என் குழியைத்தான். டேங்க் கழுவுவது இனி வயலோடு சரி, கால்வாய்ப் பக்கமே வரக்கூடாது என்று கூடிப் பேசி முடிவு செய்தோம்.

நேற்றும் மழை. ஏரிக்கரையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தூரத்தில் ஒரு தவளை கத்தியது போலிருந்தது.

செல்வி இன்னும் ஆட்டை அவிழ்க்கவில்லை.