அரைத்துப் போட்ட முதல் ஆல்பம்

பென்சில்வேனியாவில் எங்கள் இசைத்தட்டுத் தொழிற்சாலையில் ஆர்லீன் குபியாக்குக்கு அரவை இயந்திரத்தில் வேலை. விற்காமல் திரும்பி வரும் தட்டுகளை அரைத்துத் தூளாக்குவாள். அந்தத் தூளை உருக்கி வேறு தட்டுகள் வார்ப்போம். கிதாரோடு பாடும் வெஸ், கார்வின் என்ற இருவரின் முதல் ஆல்பம் அப்படித்தான் தூளானது. பாட்டு பிடித்துப்போனதால், ஃபோர்மேனிடம் கேட்டு ஒரு தட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

1968இல் அவர்களுடைய அடுத்த ஆல்பம் நாடெங்கும் பிய்த்துக்கொண்டு போனது. எங்களுக்கு ஓயாத ஓவர்டைம். நன்றி சொல்ல இருவரும் தொழிற்சாலைக்கே வந்தார்கள்.

ஆர்லீன் வெஸ்ஸின் கையைக் குலுக்கி, "தம்பி, உங்க முதல் ஆல்பத்த நான்தான் அரைச்சுப் போட்டேன்" என்றாள். ஃபோர்மேனின் முகம் வெளுத்தது.

வெஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "நைசா அரைச்சீங்களாக்கா?"

"ஒண்ணு வீட்ல வச்சிருக்கேன். அதுல ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே பாடுற மாதிரி இருக்கும். இந்தப் புது ஆல்பத்துல ஏன் அப்படி இல்ல?"

கார்வின் தரையைப் பார்த்தான். "இத நாங்க ஒண்ணா நின்னு பாடலக்கா. ஆளுக்கொரு நாள் வந்து பாடினோம்."

அடுத்த வருஷம் அவர்கள் பிரிந்தார்கள். அந்தச் செய்தியாலேயே ஆல்பம் இன்னும் வேகமாக விற்றது. அந்த ஓவர்டைமில்தான் ஆர்லீன் மகளைக் கல்லூரிக்கு அனுப்பினாள்.

"சந்தோஷப்படவும் முடியல, வேண்டாம்னு சொல்லவும் முடியல" என்றாள் என்னிடம்.