உயிரோடு இருக்கிறார் என்று சொல்லத் தெரியாதவர்கள்

கிட்ட வந்து இருங்கோ. முதியோர் இல்லங்களில் வேலை செய்து என்னைப் போல அலுத்த உங்களுக்குத்தான் சொல்கிறேன். சத்தமாகச் சொன்னால் பொறுப்பாக இருக்கிற மேற்றன் அம்மா அந்தக் கதை இங்கே வேண்டாம் என்பா. நோயாளரைப் பராமரிக்கிற பிள்ளைகளைச் சாவைப் பற்றி வாய் திறந்து கதைக்கப் பழக்குவது என் வேலை. ஆஸ்பத்திரியில் கனகாலம் நோயாளரைப் பார்த்தவள் என்று கிளிநொச்சிப் பக்கத்து இல்லம் ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே பழக்கியதற்கு ஆட்டுக்குட்டிக்கு நீச்சல் பழக்கியிருக்கலாம்.

படுத்துக் காட்டிய பாடம்

முதல் நாள் நானே கட்டிலில் படுத்தேன். நான் சாகப்போகிறவள், நீ என்னைப் பார்க்கிற பிள்ளை என்று அங்கே வேலை செய்கிற சுகந்திக்குச் சொல்லிவிட்டு, நான் செத்துப்போவேனோ என்று மெல்லக் கேட்டேன். பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்து, என்ன பயம் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். அவள் தலையணையைத் தட்டினாள். தேத்தண்ணி வேண்டுமோ என்றாள். கடைசியில் சாமிப்படத்தடிக்கு ஓடிப்போய்த் திருநீறு எடுத்துவந்து என் நெற்றியில் அப்பினாள்.

"எழும்புங்கோ அம்மா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா இப்பிடிக் கேக்கக்கூடாது."

நூறு வயது

செல்லையா ஐயா இரணைமடுக் குளத்துத் தண்ணியில் வயல் செய்தவர். நெஞ்சு பழுதாகி, இனி நாட்கள்தான் என்று டொக்டர் எங்களிடம் சொல்லிவிட்டார். ஐயாவிடம் ஒருவரும் சொல்லவில்லை. துணுக்காயில் இருக்கிற மகளோடு, குரல் இருக்கும்போதே கதைக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு ஆசை. அதற்காகவே எவ்வளவு காலம் என்று ரவியைக் கேட்டார். அவரைப் பராமரிக்கிறவன் அவன்தான். உள்ளதைச் சொல் என்று நான் கண்ணைக் காட்டக் காட்ட, நூறு வயது வரைக்கும் இருப்பியள் என்றான். ஐயா அவனை வடிவாகப் பார்த்தார்.

"அப்ப நூறு வயசு மட்டும் இந்தக் கஞ்சிதானோ, தம்பி?"

சுகந்தி எடுத்த போன்

உள்ளதை நான்தான் ஐயாவிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, மகளைக் கூப்பிடச் சொன்னார். எங்கள் பழக்கம் உங்களுக்குத் தெரியும்; செத்ததைப் போனில் சொல்லமாட்டோம். உயிர் போன பிறகும், கொஞ்சம் ஏலாமல் கிடக்கிறார், வாங்கோ என்றுதான் சொல்வோம். மற்றப் பக்கத்தில் விளங்கிக்கொண்டு அழுவார்கள். ஆகவே, உயிரோடு இருக்கிறார், கதைக்கிறார், கனநாள் தாங்கமாட்டார், உடனே வாங்கோ என்று சுகந்திக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தேன். மகளின் குரலைக் கேட்டதும் எல்லாம் மறந்து, கொஞ்சம் ஏலாமல் கிடக்கிறார் என்றுவிட்டுப் போனை வைத்தாள்.

மத்தியானம் தாண்டியும் ஒருவரும் வரவில்லை. ஐயா வாசலைப் பார்த்தபடி மூச்சுக்குத் திணறினார். திரும்ப எடுக்கச் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டாள். மருமகன்தான் கதைத்தார்.

"பந்தலுக்குச் சொல்லியாச்சு, பெட்டியும் எடுத்துக்கொண்டுதான் வாறம். அதுக்கிடையில உடம்பைக் குளிப்பாட்டி வையுங்கோ."

ஐயா வாங்கிய போன்

சுகந்தி போனை என்னிடம் நீட்டினாள். ஐயா கையை நீட்டிப் போனை வாங்கினார். மூச்சை விட்டு விட்டு, ஆனால் தெளிவாகச் சொன்னார்.

"தம்பி, உடம்பு இண்டைக்குக் காலமையே குளிச்சிட்டுது. பெட்டி பிறகு வரட்டும், பிள்ளையை முதல் மோட்டச்சைக்கிள்ல ஏத்திக்கொண்டு வாரும்."

பொழுதுபட முன்னமே மகள் வந்தாள். கட்டிலில் இருத்தி, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஐயா கதைக்கத் தொடங்கினார்.

அந்த இல்லத்தில் நான் பழக்கியபடி சாவைப் பற்றி வாய் திறந்து கதைத்த ஒரே ஆள், சாகக் கிடந்தவர்தான்.